வீட்டுக் கணக்கு – 9: ஜூனுக்கு யார் எடுத்து வைப்பது?

அன்றாடச் செலவை நோட்டில் எழுதுவது பற்றிச் சென்ற வாரம் வரை பேசினோம். பால், காய், பெட்ரோல் என்று எழுதி மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்கப் பழகியவர்களுக்கு இப்போது ஒரு குழப்பம் வந்திருக்கும். மாதா மாதம் நோட்டு மிச்சம் காட்டுகிறது. ஆனால் வருஷம் முடியும்போது கையில் ஒன்றும் நிற்பதில்லை. வீட்டில் யாரும் ஊதாரித்தனம் செய்யவில்லை, கூட்டலிலும் பிழையில்லை. பிறகு பணம் எங்கே போயிற்று?

மதுரையில் ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட ஒருவர் வீட்டுக் கணக்கு அல்ல இது. நடுத்தரக் குடும்பங்களில் பழகிய தொகைகளை வைத்து நான் அமைத்த மாதிரி. கணவருக்கு ஹார்டுவேர் கடையில் வேலை, பிடித்தம் போகக் கைக்கு 34,000 ரூபாய். மனைவி வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். மாதத்துக்குச் சராசரியாக 28 பிளவுஸ், ஒன்றுக்கு 250 வீதம் 7,000 ரூபாய். தீபாவளிக்குக் கடையில் 12,000 தருவார்கள். பள்ளி போகும் இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். வருஷ வருமானம் 5,04,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 42,000.

மாதச் செலவு: வாடகை 9,000, மளிகை 6,500, பால் 2,400, காய்கறியும் பழமும் மீனும் கறியும் 5,000, சிலிண்டர் 900, போன், கேபிள் 1,000, பெட்ரோல் 2,000, மாமியாருக்கு மாத்திரை 1,500, பள்ளி வேனும் டியூஷனும் 2,500, கைச்செலவு 2,200. மொத்தம் 33,000. ஆக மாதம் 9,000 மிச்சம், வருஷத்துக்கு 1,08,000. தை பிறந்ததும் காலண்டர் ஓரத்தில் ‘இந்த வருஷம் ஒரு லட்சம்’ என்று எழுதி வைப்பதற்கு இந்தக் கணக்கு போதும். எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் எழுதுகிறார்கள். அவர்கள் ஆசைப்பட்டதில் தவறே இல்லை.

இப்போது மாதா மாதம் வராத செலவுகளைப் பார்ப்போம். ஜூனில் பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை, ஷூ, பை எல்லாம் சேர்த்து 34,000. அக்டோபரில் இரண்டாம் பருவக் கட்டணம் 12,000. தீபாவளிக்குத் துணி, பலகாரம், பட்டாசு 18,000. பொங்கல், ஆடி, குலதெய்வம் கும்பிடப் போய்வருவது 9,000. உறவினர் வீட்டு விசேஷங்களுக்குச் செய்முறை 12,000. வண்டிக்கு இன்சூரன்சும் சர்வீசும் 4,500. ஆயுள் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் 11,000. தமிழ்நாட்டில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. ஆறு பில்லுக்கு 1,500 வீதம் 9,000. கூட்டினால் 1,09,500.

மிச்சம் என்று நினைத்தது 1,08,000. அதில் ஒரு ரூபாய்கூட நிற்காது. மேலும் 1,500 ரூபாய் துண்டு விழுகிறது.

“நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு, ஜூன் வந்து கவுத்திருச்சு” என்று மதுரைப் பக்கம் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பாவம், ஜூன் என்ன செய்யும்? பள்ளி திறப்பதும் தீபாவளி வருவதும் யாருக்கும் தெரியாத செய்தியா? வருவது தெரிந்த செலவுக்கு ஜூலை முதல் மே வரை எந்த மாதமும் தன் பங்கை எடுத்து வைக்கவில்லை. அதனால் முழுப் பாரமும் ஒரே மாதத்தின் தலையில் இறங்குகிறது. அப்போது கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது.

அந்த அடகில்தான் எந்த நோட்டிலும் ஏறாத செலவு ஒன்று இருக்கிறது. ஜூனில் 30,000 ரூபாய்க்கு வைத்த சங்கிலியைத் தைக்குப் பிறகு மீட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் எட்டு மாதத்தில் 4,800 ரூபாய். ஏற்கெனவே விழுந்த துண்டு 1,500. இரண்டும் சேர்ந்து 6,300. போன ஜூனில் 24,000-க்கு வைத்த சங்கிலியை இந்த ஜூனில் 30,000-க்கு வைக்க நேர்வதற்கு வேறு மர்மம் எதுவும் கிடையாது. அடகுத் தொகை ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிற வீட்டில் பெண்கள் தங்களுக்குச் சிக்கனம் போதவில்லை என்று குறை சொல்லிக்கொள்வது எனக்கு மனவருத்தம் தருகிறது. அவர்கள் சிக்கனமாகவே இருக்கிறார்கள். கணக்கு பார்த்த கால அளவுதான் சிறியது.

அரசாங்கம் செலவுக் கணக்கு எடுக்கும்போது இதை எப்படிக் கையாளுகிறது என்று பாருங்கள். 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை, ஒரு முழு ஆண்டு நடந்த வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வில், எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வி கேட்கவில்லை. காய்கறி, மீன், முட்டை, சமையல் எண்ணெய் போன்றவற்றுக்குக் கடந்த 7 நாள் செலவைக் கேட்டார்கள். அரிசி, பருப்பு, வாடகை போன்றவற்றுக்கு 30 நாள். துணிமணி, செருப்பு, கல்வி, மருத்துவமனையில் தங்கிப் பெற்ற சிகிச்சை, நீடித்து உழைக்கும் பொருட்கள் ஆகியவற்றுக்கு 365 நாள். பள்ளிக் கட்டணத்தை ‘போன மாதம் எவ்வளவு?’ என்று கேட்டால் ஜூலையில் ஒரு பதிலும் பிப்ரவரியில் வேறொரு பதிலும் வரும் என்பது ஆய்வாளர்களுக்குத் தெரியும். அந்த ஆய்வின்படி தமிழ்நாட்டு நகர்ப்புறத்தில் ஒரு நபரின் சராசரி மாதச் செலவு 7,630 ரூபாய், கிராமப்புறத்தில் 5,310. நம் மாதிரி வீட்டில் ஆண்டுச் செலவுகளையும் சேர்த்து ஐந்து பேருக்கு வகுத்தால் 8,425 வருகிறது. ஆடம்பர வீடு என்று யாரும் சொல்ல முடியாது.

ஆண்டுக் கணக்கு நம் வீடுகளுக்குப் புதிதுமல்ல. வரவு செலவு எழுதாத வீட்டிலும் மொய் நோட்டு இருக்கும். யார் எந்த விசேஷத்தில் எவ்வளவு செய்தார்கள் என்று இருபது ஆண்டுக் கணக்கு அதில் பத்திரமாக இருக்கும். திருப்பிச் செய்யும்போது கூட்டிச் செய்ய வேண்டும் என்ற முறையும் யாருக்கும் மறக்காது. அந்த நோட்டைப் பிரித்தாலே அடுத்த வைகாசிக்கும் ஆவணிக்கும் யார் வீட்டுக்கு எவ்வளவு போக வேண்டும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். செய்முறைக்கு 12,000 என்று நான் மேலே எழுதியதை உங்கள் வீட்டில் அந்த நோட்டைப் பார்த்து எழுதுங்கள், குத்துமதிப்பாக வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். ஆண்டுச் செலவுக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, மனைவி பெயரில். அதை போனில் உள்ள பணம் அனுப்பும் செயலி எதோடும் இணைக்க வேண்டாம். சம்பளம் வந்த அன்றே 8,000 அதற்குப் போகட்டும், தீபாவளிப் பணம் 12,000 முழுதாகப் போகட்டும். ஆண்டுக்கு 1,08,000 ஆகிவிடும். தையல் வருமானம் சீராக வராது: ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, பிளவுஸ் குறையும், ஆவணியிலும் தையிலும் இரவு விழித்துத் தைக்க வேண்டியிருக்கும். அதனால் 8,000-ஐச் சம்பளத்திலிருந்து எடுப்பதே நல்லது. ஆடியில் வீட்டுச் செலவுக்குக் கை கடிக்கும். ஆவணித் தையல் பணம் அதை ஈடுகட்டும்.

தொடங்க ஏற்ற மாதம் ஜூலை. ஏப்ரலில் தொடங்கினால் இரண்டு தவணை போடுவதற்குள் ஜூன் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும், மனசு விட்டுப்போகும். ஜூலையில் தொடங்கினால் அக்டோபர் முடிய 32,000, தீபாவளிப் பணத்தோடு 44,000. அதற்குள் போக வேண்டியவை: கரண்ட் பில் இரண்டு, 3,000, ஆடிக்கு 2,000, ஆவணி முகூர்த்தங்களுக்கு 4,000, இரண்டாம் பருவம் 12,000, தீபாவளி 14,000. தீபாவளிக்கு 18,000 என்றிருந்ததை 14,000 ஆக்கியிருக்கிறேன். பெரியவர்கள் துணியை ஒரு வருஷம் எளிமையாக எடுத்தால் அது முடியும், பிள்ளைகள் துணியில் கை வைக்க வேண்டாம். மொத்தம் 35,000. அக்டோபர் கடைசியில் கணக்கில் 9,000 இருக்க வேண்டும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் மாதத்துக்கு இரண்டே எண்கள் எழுதுங்கள்: இருக்க வேண்டியது, இருப்பது. அக்டோபரில் 9,000 இருக்க வேண்டிய இடத்தில் 5,000 இருந்தால் 4,000 குறைகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். சரிசெய்ய ஏழு மாதம் மிச்சமிருக்கும். அன்றாடச் செலவை எழுத மறந்த நாட்கள் இருக்கலாம், பரவாயில்லை. இந்த இரண்டு எண்கள் மட்டும் எந்த மாதமும் விடுபடக் கூடாது.

இனி சேமிப்புக்கு வருவோம். தீபாவளியில் குறைத்த 4,000, துண்டு விழுந்த 1,500-ஐ அடைத்துவிட்டு 2,500-ஐ நிறுத்துகிறது. அது திடீர்க் காய்ச்சலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ இருக்கட்டும், சேமிப்பாக எண்ண வேண்டாம். உண்மையான சேமிப்பு மாதச் செலவிலிருந்தும் வருமானத்திலிருந்தும் வர வேண்டும். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், அரிசிக்கு விலையே இல்லை. ஐந்து பேர் வீட்டில் இட்லி, தோசைக்கு அந்தப் புழுங்கல் அரிசியைப் பயன்படுத்தினால் மளிகையில் 800 குறைக்கலாம். வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு அட்டையைப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் தங்களுக்கு உரிமையானதை விட்டுக்கொடுக்கிறார்கள். கைச்செலவில் 500 குறையட்டும்.

மூன்றாவதாகச் சொல்வதில்தான் எனக்கு அக்கறை அதிகம். பிளவுஸ் கூலியை 30 ரூபாய் உயர்த்துங்கள். 28 பிளவுஸுக்கு மாதம் 840. நூலும் லைனிங்கும் விலை ஏறியபோதெல்லாம் கூலியை உயர்த்தத் தயங்கி, அந்த ஏற்றத்தைத் தன் உழைப்பில் கழித்துக்கொண்ட பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வீட்டு பட்ஜெட் என்றாலே அடுப்படியைச் சுருக்குவது என்று ஆகிவிட்டது. வருமானப் பக்கத்திலும் எழுத இடம் உண்டு.

மூன்றும் சேர்ந்து மாதம் 2,140, ஆண்டுக்கு 25,680. காலண்டர் ஓரத்தில் எழுதிய ஒரு லட்சத்தில் இது நான்கில் ஒரு பங்கு. ஆனாலும் இந்த எண்ணுக்கு அடியில் ஒவ்வொரு ரூபாயும் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியும்.

இந்த 2,140 எங்கே போக வேண்டும்? சீட்டு நடத்துபவர்களும் நகைக்கடைகளும் கேட்டு வருவார்கள். நகைக்கடைச் சீட்டு பதினோரு மாதத்தோடு முடிவது தற்செயலல்ல: பொருளுக்கென்று வாங்கிய முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருளைத் தந்துவிட்டால் அது வைப்புத்தொகை ஆகாது என்று நிறுவனங்களுக்கான 2014-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. அந்தச் சீட்டுக்கு அது கிடையாது. பதிவு செய்யாத தீபாவளிச் சீட்டைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அஞ்சலகத் தொடர் வைப்பு பத்திரமானது; ஆனால் ஐந்து ஆண்டுத் திட்டம்.

இந்த வீட்டுக்கு முதல் ஆண்டில் இவை எதுவும் வேண்டாம். ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டி கட்டிக்கொண்டு 7 விழுக்காட்டுக்குச் சேமிப்பது நஷ்டம். மாதம் 2,140-ஐ அடகுக் கடையில் கட்டினால் 30,000 ரூபாய்க் கடன் பன்னிரண்டு மாதத்தில் ஏறக்குறைய 9,300-ஆகக் குறையும். அதே சங்கிலியை அரசு வங்கிக்கோ கூட்டுறவு வங்கிக்கோ மாற்றி, ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வட்டியில் அதே தொகையைக் கட்டினால் பாக்கி 6,300-க்கும் கீழே வந்துவிடும். இடத்தை மாற்றியதற்கு மட்டும் சுமார் 3,000 ரூபாய் ஆதாயம். பாக்கி மேலும் மூன்று மாதத்தில் தீரும். பாஸ்புக்கில் எதுவும் சேராத இந்த ஆண்டைத் தோல்வி என்று எழுதிவிடாதீர்கள். அடுத்த ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்கு யாரும் அடகுக் கடைப் படி ஏற வேண்டியதில்லை.

சங்கிலி மீண்ட பிறகு அதே 2,140 எங்கே போகலாம்? பத்து வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் திட்டமா, அல்லது அவசரத்துக்கு எடுக்க முடிகிற வங்கித் தொடர் வைப்பா? அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் மொய் நோட்டு, போன ஆண்டின் பள்ளி ரசீதுகள், ஆறு கரண்ட் பில்கள் ஆகியவற்றைத் தேடி எடுத்து வையுங்கள்.