லிஃப்டுக்குள் ஒரு கச்சேரி

2007-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாள் இரவு, எடித் பியாஃப் முதலிய மகா கலைஞர்கள் பாடிய பாரிஸ் நகரத்து ஒலிம்பியா அரங்கில் ரசிகர்கள் காத்திருக்க, அன்று அங்கே கச்சேரி செய்ய வந்திருந்த ஆர்கேட் ஃபயர் என்னும் கனடா நாட்டு இசைக்குழுவினர், சாமான் ஏற்றி இறக்கும் லிஃப்ட் ஒன்றுக்குள் வாத்தியங்களோடு நெருக்கியடித்து நின்றுகொண்டு, ‘நியான் பைபிள்’ என்ற தங்கள் பாட்டைப் பாடினார்கள். அவர்களில் ஒருவர் ஒரு பத்திரிகையின் தாள்களை லயம் தவறாமல் கிழித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சப்தமே பாட்டுக்குத் தாளமாயிற்று. பாட்டு முடிந்ததும் நேரே ரசிகர் கூட்டத்தின் நடுவே போய் நின்று அடுத்த பாட்டைத் தொடங்கினார்கள். இவ்வளவையும் கேமராவைக் கையில் ஏந்தி, அந்த நெரிசலில் தாமும் ஒருவராய் நின்று படம் பிடித்தவர் வின்சென்ட் மூன்.

அதற்கு முந்தின ஆண்டில்தான் கிறிஸ்தோஃப் அப்ரிக் என்பவரும் மூனும் சேர்ந்து, கலைஞர்களை இவ்வாறு படம் பிடிக்கும் முயற்சியைத் தொடங்கியிருந்தார்கள். ஓட்டலில் நாம் ‘பார்சல்’ என்று கேட்கிறோமே, அதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் வழங்கும் சொல்லையே சேர்த்து, இப்படங்களுக்குப் ‘பார்சல் கச்சேரி’ என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். கச்சேரிக்காக ஊருக்கு வந்த கலைஞரைத் தெருவுக்கோ காப்பிக் கடைக்கோ மாடிப்படிக்கோ அழைத்துப் போய், விளக்கும் மேடையும் இன்றி ஒன்றிரண்டு பாட்டுகளைப் பாடச் சொல்லி, அதை அப்படியே பதிவு செய்வதே அவர்கள் கைக்கொண்ட முறை.

இப்படங்களைப் பெரும்பாலும் ஒரே மூச்சில் எடுப்பது ஏன் என்பதை இங்கே விளக்க வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடகர் ஓரிடத்தில் சறுக்கினால், அந்த அடியை மட்டும் மறுபடி பாடச் செய்து ஒட்டிவிடலாம். தெருவிலோ, பாட்டின் நடுவே கடந்து போகும் பஸ்ஸின் இரைச்சலும் குழந்தையின் அழுகையும் அந்தக் கணத்துக்கே உரியவையாதலால், வேறொரு முறை பாடியதைக் கொண்டுவந்து சேர்த்தால், இரைச்சல் பாதியில் அறுந்து, சங்கீத ஞானம் சிறிதும் இல்லாதவர் காதுக்கும் ஒட்டு தெரிந்துவிடும். ஒலிவாங்கியைப் பாடகரின் வாயருகே வைத்தால் தெரு மறைந்துபோகும், தள்ளி வைத்தால் தெருவின் ஆரவாரத்தில் குரல் மூழ்கிப்போகும். இவ்விரண்டுக்கும் நடுவே பதமான தூரத்தைக் காப்பதே ஒலிப்பதிவாளரின் சாமர்த்தியம். படம் பிடிப்பவரோ, பாடகர் நடக்க நடக்க அவருக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி, அடுத்து எந்த வாத்தியம் எழும்பும் என்பதைக் காதால் ஊகித்துக் கேமராவைத் திருப்ப வேண்டியவராகிறார். மின்சார வாத்தியங்களுக்கும் ஒலிபெருக்கிக்கும் அங்கே இடமில்லாமையால், அலங்காரங்களையெல்லாம் களைந்துவிட்டுப் பாட்டு தன் சொந்த பலத்தாலேயே நிற்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் சுஃப்யான் ஸ்டீவன்ஸ் என்னும் பாடகர் பாடிய படத்தில் இந்த எளிமை பூரணமாக விளங்குகிறது.

பாட்டைக் கேட்டதும் நின்றுவிடும் வழிப்போக்கரைப் போலவே, திரும்பியும் பாராமல் தம் காரியத்தில் செல்பவரும் இப்படங்களுக்கு ஜீவன் தருகிறார் என்பது என் அபிப்பிராயம். ஆகையால், பின்னாளில் இதைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொண்டு, ஆட்களை முன்கூட்டியே நிறுத்திவைத்து, அவர்களை வியந்து பார்க்கவும் கைதட்டவும் செய்து எடுக்கப்படுகிற படங்கள் எனக்குச் சிறிதும் சம்மதமில்லை.

மூன் பின்னர் பாரிஸை விட்டுப் புறப்பட்டு, நாடு நாடாகப் பிரயாணம் செய்து, கிராமத்துப் பாடகர்களையும் சமயச் சடங்குகளின் இசையையும் இதே முறையில் பதிவு செய்து, யாவரும் இலவசமாகப் பார்க்கும்படி வழங்கினார். அவற்றையும் பாருங்கள், ஆனால் முதலில் அந்த லிஃப்ட் படத்தைத் தேடிப் பிடித்து, படத்தைப் பாராமல் கண்ணை மூடிக்கொண்டு, தாள் கிழிபடும் சப்தத்தை ஒரு தரம் கேளுங்கள்.