கழிவுக் கண்ணாடியில் ஒரு கைத்தொழில்

யன்னலுக்கும் அலுமாரிக்கும் வெட்டிய பின் கண்ணாடிக் கடைகளில் மீதமாகும் துண்டுகளை மின்சூளையில் இட்டு உருக்கினால் அலங்காரத் தட்டு, கிண்ணம், சுவர்ப் பலகை எனப் பல பொருட்களைச் செய்யலாம். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய சுயதொழில் இது. ஆயினும், இதில் இலாபமும் நட்டமும் கண்ணாடியை ஆறவைக்கும் முறையிலேயே தங்கியுள்ளன.

செய்முறை இரண்டு கட்டங்களைக் கொண்டது. 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 800 பாகை செல்சியஸைச் சற்றுத் தாண்டிச் சூடாக்கினால் அவை ஒரே தகடாகும். ஆறிய தகட்டைக் களிமண் அச்சின் மேல் வைத்து மீண்டும் 700 பாகையளவில் சூடாக்கும்போது, அது இளகித் தன் பாரத்தாலேயே தொய்ந்து அச்சின் வடிவத்தைப் பெறும். கண்ணாடி அச்சில் ஒட்டாதிருக்க, கயோலினும் அலுமினாவும் கலந்த பூச்சை முன்கூட்டியே பூசிக் காயவிட வேண்டும்.

நட்டம் வரும் வழிகள் இரண்டு. முதலாவது, பொருந்தாத கண்ணாடிகளைக் கலப்பது. எல்லாக் கண்ணாடியும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. அமெரிக்காவின் புல்ஸ்ஐ நிறுவனம் இத்தொழிலுக்கெனத் தயாரிக்கும் வர்ணக் கண்ணாடியின் விரிவுக் குறியெண் 90. யன்னல் கண்ணாடிக்கு அது குறைவு. இரண்டையும் சேர்த்து உருக்கினால் ஆறும்போது விரிசல் விழும். யன்னல் கண்ணாடியாயினும் ஒரே தகட்டில் வெட்டிய துண்டுகளைச் சேர்ப்பதே பாதுகாப்பானது.

இரண்டாவது, அவசரம். யன்னல் கண்ணாடியை 550 பாகையளவில் சிறிது நேரம் நிறுத்தி, பின்னர் மெதுவாகக் குளிரவிட வேண்டும். ஓடர் அவசரம் என்று சூளையை முன்னதாகத் திறந்தால் கண்ணாடிக்குள் இறுக்கம் தங்கிவிடும். பார்வைக்குக் குறையற்ற அப்பொருள், வாங்கியவர் வீட்டில் சில வாரங்களின் பின் தானாகவே பிளந்துவிடலாம்.

இதனைக் கண்டறிய வழியுண்டு. ஒளியை முனைவாக்கும் இரண்டு படலங்களை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால் வெளிச்சம் மறையும். இடையில் கண்ணாடியைப் பிடித்தால், இறுக்கமுள்ள இடம் மட்டும் ஒளிரும். அப்படி ஒளிர்ந்த பொருளை விற்கக்கூடாது. குறையை மறைத்து விற்பதை மார்க்கம் தடுத்திருக்கிறது.

துண்டுகள் மலிவாகக் கிடைத்தன என்பதற்காக விலையைக் குறைத்துவிடவும் வேண்டாம். இரண்டு தடவை சூளையை இயக்கிய மின்கட்டணம், உடைந்தவை, காத்திருந்த நேரம் யாவும் கணக்கில் வரவேண்டும். ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுத்தால், இத்தொழிலில் பரக்கத் உண்டு, இன்ஷா அல்லாஹ்.