தளக்கூரை ஒழுக்கு

தளக்கூரை ஒழுக்கு என்பது மட்டமாக அமைந்த கட்டடக் கூரையின் மேல் விழும் மழைநீர், வெடிப்புகள், இணைப்புகள், குழாய் வாய்கள் முதலியவற்றின் வழியாக உட்புகுந்து கீழே ஈரமாகவோ சொட்டாகவோ வெளிப்படுதல் ஆகும். பேச்சு வழக்கில் இது "தளம் ஒழுகுதல்" எனவும், சொட்டாமல் ஈரம் மட்டும் படர்ந்தால் "ஓதம் அடித்தல்" எனவும் வழங்கப்படுகிறது. இக்கட்டுரை புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் காணப்படும் வீடுகளை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒழுக்கின் காரணங்களையும் தடுக்கும் முறைகளையும் விளக்குகிறது.

பின்னணி

புதுச்சேரிப் பகுதியின் ஊர்ப்புறங்களில் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை கீற்று வேய்ந்த வீடுகளும் ஓட்டு வீடுகளுமே மிகுதி. பெருந்தலைவர் காமராஜர் நூற்றாண்டு வீடு கட்டும் திட்டம் போன்ற அரசுத் திட்டங்களாலும் மக்களின் சொந்த முயற்சியாலும் அவற்றுட் பல காங்கிரீட் தளம் போட்ட வீடுகளாக மாறின. கீற்றுக் கூரையும் ஓட்டுக் கூரையும் செங்குத்தான சரிவு உடையவை. நீர் அவற்றில் நிற்பதில்லை. மட்டத்தளம் அப்படியன்று. சரிவு சிறிது பிழைத்தாலும் நீர் தேங்கும், தேங்கிய நீர் வழி தேடும்.

இப்பகுதியின் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் திசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில் குறைந்த நாட்களில் கொட்டித் தீர்க்கிறது. தானே புயல் 2011 திசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் கூடுதலான மழை புதுச்சேரியில் பதிவானது. 80 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு மாடியின் மேல் 45 செ.மீ மழை பெய்தால் 36,000 இலிட்டர் நீர் விழுகிறது எனக் கணக்கிடலாம். இவ்வளவு நீரும் பெரும்பாலும் ஒன்றிரண்டு குழாய்களின் வழியாகவே வெளியேற வேண்டியுள்ளது. மணிக்கு 50 மி.மீ அளவில் மழை பெய்யும்போது 75 மி.மீ விட்டமுள்ள குழாய் சுமார் 40 சதுர மீட்டர் கூரைக்கும், 100 மி.மீ குழாய் சுமார் 85 சதுர மீட்டர் கூரைக்கும் போதுமானது. செலவைக் குறைக்க எண்ணிச் சிறிய குழாய் பொருத்திய வீடுகளில், முதற்பெருமழையிலேயே மாடி குளமாகி விடும்.

நீர் புகும் வழிகள்

நன்றாகக் கலந்து, இடித்து இறுக்கி, முறையாக நீராற்றிய காங்கிரீட் எளிதில் நீரை விடாது. ஒழுக்கின் தொடக்கம் பெரும்பாலும் தளத்தின் நடுவில் இல்லை, ஓரங்களிலேயே உள்ளது. கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், தண்ணீர்த் தொட்டியின் மேடை, படிக்கட்டு அறையின் அடிச்சுவர், பின்னாளில் கட்டிய அறை பழைய தளத்தோடு சேரும் இணைப்பு ஆகியன முதலில் ஐயுற வேண்டிய இடங்கள். அண்மைக் காலத்தில் சூரிய மின்தகடுகளின் தாங்கிகளுக்காகத் தளத்திற் போடப்படும் துளைகளும் இப்பட்டியலிற் சேர்ந்துள்ளன.

இணைப்புகள் விடுவதற்கு வெப்பமே முதற்காரணம். காங்கிரீட் ஒரு பாகை செல்சியசுக்குத் தன் நீளத்தில் ஏறத்தாழ நூறாயிரத்தில் ஒரு பங்கு விரிகிறது. 10 மீட்டர் நீளத் தளம் 30 பாகை வேறுபாட்டில் சுமார் 3 மி.மீ நீண்டு சுருங்கும். வெயிலில் காய்ந்த தளத்தின் மேல் திடீரென மழை பெய்யும் நாட்களில் இம்மாற்றம் விரைவாகவே நிகழ்கிறது. நீண்டு சுருங்கும் வெடிப்பைச் சிமெண்டுக் கலவையால் அடைத்தால், கலவை அசையாது, வெடிப்பு அசையும். எனவே அடுத்த கோடையிலேயே அடைப்பின் ஓரத்தில் மயிரிழை போன்ற புதிய பிளவு தோன்றுகிறது. "போன வருடம்தான் பூசினோம், மறுபடி ஒழுகுகிறது" என்னும் குறைக்கு இதுவே பொதுவான விளக்கம்.

பறவைகளின் எச்சத்தால் சுவர் வெடிப்பில் முளைக்கும் அரசு, ஆல் கன்றுகளும் பெருந்தீங்கு செய்பவை. மேற்பகுதியை மட்டும் ஒடித்தால் வேர் தடித்து, வெடிப்பை மேலும் அகலமாக்கும். வேரோடு அகற்றி, அவ்விடத்தைத் திறந்து அடைத்தலே முறை.

ஒழுகுவதால் நேரும் இடர்

சுவரில் கறை படிவதும் பாயை நகர்த்திப் போட நேர்வதும் மட்டுமே ஒழுக்கின் விளைவு எனக் கருதுதல் தவறு. காங்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு நாளடைவில் இக்காரத்தைக் குறைக்கிறது. நீரோடு வரும் உப்பு கம்பியின் காப்புப் படலத்தை அரிக்கிறது. பாகூர் கொம்யூனின் மணப்பட்டு, நரம்பை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று இதனை விரைவுபடுத்துகிறது. துரு, அது உருவான இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடம் பிடிப்பதால் கம்பிக்குக் கீழுள்ள காரை பிளந்து, பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். உறங்குவோர் மேல் விழுந்து காயமும் உயிரிழப்பும் நேர்வதுண்டு. மின்விசிறிக் கொக்கி, மின்குழாய் ஆகியவற்றின் வழியாக நீர் இறங்கினால் மின்தாக்கு இடரும் உள்ளது. அத்தகைய அறையில் மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே எதனையும் தொடுதல் வேண்டும்.

இந்தியத் தரநிலை 456 : 2000, மிதமான சூழலில் கம்பிக்கு 20 மி.மீ காப்புக் கனமும், கடலோரச் சூழலுக்கு ஆளாகும் காங்கிரீட்டுக்கு 45 மி.மீ கனமும் கோருகிறது. ஊர்ப்புறத்தில் எல்லா இடத்திற்கும் ஒரே கனத்தில் தளம் போடும் வழக்கத்தை இவ்வெண்களோடு ஒப்பிட்டால் இடரின் அளவு புலப்படும்.

பழைய கட்டடங்களில் நீர் செய்யும் தீங்கு வேறு வகையினது. புதுச்சேரியின் பழைய வீடுகளில் மெட்ராஸ் தளம் என்னும் கூரை பரவலாகக் காணப்படும். மரச்சட்டங்களின் மேல் சிறு தட்டைச் செங்கற்களைச் சுண்ணாம்புக் காறையில் குறுக்குக் கோணமாக நிறுத்தி அடுக்கி, அதன் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளமும் தட்டோடும் இடுவது இம்முறை. இதில் துருப்பிடிக்கக் கம்பி இல்லை. ஆனால் சுவருக்குள் செருகிய சட்டத்தின் முனை ஓயாது நனைந்தால் உளுத்துப் போகும். வெளியிலிருந்து அது தெரியாது. 1870-71 இல் கட்டப்பட்ட புதுச்சேரி நகர மன்றமாகிய மேரி கட்டடம், நெடுங்காலம் சிதைந்திருந்த நிலையில் 2014 நவம்பர் 29 அன்று, மழைக்காலத்தில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மீளக் கட்டப்பட்டு 2021 இல் அது திறக்கப்பட்டது.

புகும் இடத்தைக் கண்டறிதல்

நீர் சொட்டும் இடமும் நீர் புகும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. மேலே புகுந்த நீர், சுருக்கிக்கும் காங்கிரீட்டுக்கும் இடையே பரவி, பல அடி தள்ளியுள்ள மின்குழாய் வழியாகவோ வெடிப்பு வழியாகவோ இறங்குகிறது. ஆகவே கீழிருந்து பார்த்துக் கறை உள்ள இடத்திற்கு நேர் மேலே பூசுவதால் பயன் விளைவது அரிது. கீழ்ப்பக்கம் பூசுவது இன்னும் தீங்கானது. அது நீரை வெளியேற விடாமல் கம்பியைச் சுற்றித் தேக்கி வைக்கிறது. கறை மறைந்ததை ஒழுக்கு நின்றதாகக் கொண்டு ஏமாறுவோர் பலர்.

எளிய சோதனை ஒன்று உண்டு. மாடியைச் சிறு சிறு பாத்திகளாகக் களிமண்ணாலோ மணற்கலவையாலோ வரப்புக் கட்டிப் பிரித்து, குழாய் வாயை அடைத்து, ஒவ்வொரு பாத்தியிலும் தனித்தனியாக நீர் நிறுத்திப் பார்த்தல் வேண்டும். தாழ்வான பக்கத்திலிருந்து தொடங்குவது நன்று. ஒரு பாத்திக்கு ஒரு நாளேனும் பொறுத்தல் வேண்டும், சுருக்கி நீரை உறிஞ்சி வைத்துத் தாமதமாகவே விடும். 5 செ.மீ ஆழ நீர் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ எடையாகும். ஆதலால் காரை பெயர்ந்த தளத்திலும் பழைய மெட்ராஸ் தளத்திலும் நீர் தேக்குதல் கூடாது. அங்கே குழாயால் தெளித்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மழையே பெய்யாத நாளிலும் ஈரம் இருந்தால், குற்றவாளி கூரையன்று. மாடித் தொட்டியையோ நீர்க்குழாயையோ சோதிக்க வேண்டும்.

சுருக்கித் தளம்

தமிழகத்திலும் புதுச்சேரியிலும் காங்கிரீட் தளத்தின் மேல் இடப்படும் மரபான காப்பு அடுக்கு சுருக்கி எனப்படுகிறது. தமிழகப் பொதுப்பணித் துறையின் முறைப்படி, 20 மி.மீ அளவில் உடைத்த செங்கல் சல்லி 32 பங்குக்கு நீர்த்த சுண்ணாம்பு 12½ பங்கு சேர்க்கப்படும், மணல் சேர்ப்பதில்லை. சராசரி 75 மி.மீ கனத்தில் பரப்பி, மரக் கட்டைகளால் நாட்கணக்கில் அடித்து இறுக்குவர். அடிக்கும்போது சுண்ணாம்பு நீர் தெளிக்கப்படும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் தெளிக்கும் வழக்கமும் உண்டு. கட்டை பட்டுத் தெறிக்கும் வரை, அதாவது அடியின் தடம் பதியாத நிலை வரும் வரை அடித்தல் வேண்டும். பின்னர் ஒரு வாரத்திற்குக் குறையாமல் ஈரம் காத்து, அதன் மேல் 20 செ.மீ சதுரத் தட்டோடுகளை 1:3 சிமெண்டுக் கலவையில் பதிப்பர். கலவையில் கச்சா எண்ணெய் சேர்க்கும் வழக்கமும் உண்டு.

சுருக்கியின் சிறப்பு நீரைத் தடுப்பது மட்டுமன்று. அது வெயிலையும் தாங்கி, கீழுள்ள காங்கிரீட்டின் விரிவைக் குறைக்கிறது. சுண்ணாம்பில் தோன்றும் நுண்ணிய வெடிப்புகள் நீரிற் கரைந்த சுண்ணம் மீண்டும் படிவதால் ஓரளவு தாமே மூடிக்கொள்ளும். சரிவு அமைவதும் இவ்வடுக்கில்தான். 80-க்கு 1 என்னும் சரிவு வேண்டின், 4 மீட்டர் தொலைவுக்கு 5 செ.மீ இறக்கம் தேவை. இன்று அடிப்பதற்கு ஆளும் நாளும் இல்லை என்று கூறி, சுண்ணாம்புக்கு மாற்றாகச் சிமெண்டு கலந்து ஒரே நாளில் முடித்து விடுகின்றனர். அவ்வாறு செய்த சுருக்கி விறைப்பானது. வெடித்தால் மூடிக்கொள்ளாது, நீரை உறிஞ்சி வைக்கும் பஞ்சாக மாறி விடும்.

கடுக்காய்ச் சாற்றின் பயன் மரபோடு முடிந்து விடவில்லை. ஆரோவில் மண் கட்டடக் கழகம் மண், மணல், சிமெண்டு, சுண்ணாம்பு ஆகியவற்றோடு படிகாரமும் துவர்ப்புச் சாறும் சேர்த்த நீர்க்காப்புப் பூச்சைப் பயன்படுத்தி வருகிறது.

பூச்சுகளும் அடைப்புகளும்

உயிர்ப்புள்ள வெடிப்பை ஆங்கில "வி" எழுத்து வடிவில் வெட்டி அகலப்படுத்தி, தூசு நீக்கி, இழுபடும் தன்மையுள்ள பாலியூரித்தேன் போன்ற அடைப்புப் பொருளால் நிரப்புதல் வேண்டும். கைப்பிடிச் சுவரின் மூலையில் காறையைச் சாய்வாக இட்டு, நேர்கோண மூலையே இல்லாமற் செய்ய வேண்டும். அதன் மேல் பூசும் அக்ரிலிக் போன்ற நெகிழ் பூச்சைக் கண்ணாடி நாரிழைத் துணி வைத்து, சுவரில் ஓர் அடி உயரம் வரை ஏற்றினால் உழைக்கும். பூச்சின் தரத்தை விட, பூசப்படும் பரப்பு காய்ந்தும் தூய்மையாகவும் இருப்பதே முதன்மையானது. பாசி படிந்த தளத்தில் எந்த விலையுயர்ந்த பூச்சும் தோலாக உரிந்து வரும். கோடையில் வெப்பம் குறைக்கப் பசை கலந்து அடிக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு நீர்க்காப்பு ஆகாது.

கம்பி துருவேறிய இடத்தில் பூச்சு மட்டும் போதாது. மேலே நீரை நிறுத்திய பின், தளர்ந்த காரையை முழுதும் தட்டி நீக்கி, கம்பியைத் தேய்த்துத் துருக்காப்புப் பூசி, பாலிமர் கலந்த காறையால் நிரப்ப வேண்டும். கம்பியின் தடிமன் வெகுவாகக் குறைந்திருந்தால் கொத்தனாரின் முடிவுக்கு விடாமல் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்தல் தகும்.

தகட்டுக் கூரையும் வண்டிக் கூரையும்

தகரக் கூரையில் நீர் புகுவது திருகாணித் துளைகளிலும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களிலும்தான். வளைதகட்டில் துளை மேட்டில் இருத்தல் வேண்டும், பள்ளத்தில் அன்று. வெயிலில் இறுகிய ரப்பர் வாசரை மாற்றினாலே பல ஒழுக்குகள் நின்று விடும். கல்நார் தகட்டின் மேல் நேராக ஏறி நடத்தல் கூடாது, அது திடீரென உடையும். அதனை வெட்டும்போது எழும் தூசு நுரையீரலுக்குக் கேடானது.

படப்பிடிப்பில் பயன்படும் கேரவன் போன்ற தங்கு வண்டிகளின் கூரைக்கும் இதுவே பொருந்தும். அங்குக் காற்றுப்போக்கி, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றின் விளிம்புகளே ஒழுகும். வண்டி ஓட்டத்தில் அதிர்வதால் பியூட்டைல் பட்டை போன்ற இளகிய அடைப்பே நிற்கும். பழைய அடைப்பைச் சுரண்டி நீக்காமல் அதன் மேலேயே சிலிக்கோனைப் பிதுக்கி வைப்பது பரவலான வழக்கம். சிலிக்கோன் எச்சத்தின் மேல் வேறெதுவும் ஒட்டாது என்பதால் அடுத்த பழுது மேலும் கடினமாகிறது.

செய்யும் காலம்

சுருக்கி, பூச்சு வேலைகளுக்குப் பங்குனி முதல் வைகாசி வரையான வறண்ட நாட்கள் உகந்தவை. ஆடி, ஆவணியில் மாலை நேர இடிமழை குறுக்கிடும். நண்பகல் வெயிலில் பூசினால் பூச்சு மேலே மட்டும் காய்ந்து கொப்புளிக்கும். காலையிலோ மாலையிலோ பூசுவர். புரட்டாசி முடிவதற்குள் மாடியைப் பெருக்கி, குழாய் வாய்களில் அடைந்த சருகுகளை அகற்றி, ஒவ்வொரு குழாயிலும் ஒரு வாளி நீர் ஊற்றி, கீழே தடையின்றி வருகிறதா எனப் பார்த்தல் வேண்டும்.