சுத்தியல் பிடிக்கும் சிறுமிகள்!

அமெரிக்காவில் வெர்மான்ட் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. மலையும் காடும் நிறைந்த சின்னஞ்சிறு மாநிலம். ஜனத்தொகை ஏறக்குறைய ஆறரை லட்சம்தான். நம் மதுரை நகரத்தில் வசிப்பவர்களைவிடக் குறைவு!

அங்கே கோடை விடுமுறை வந்ததும், 11, 12, 13 வயதுச் சிறுமிகளுக்காக ஒரு முகாம் நடத்தினார்கள். ஆட்டம், பாட்டம், நீச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். சிறுமிகளின் கையில் சுத்தியலைக் கொடுத்தார்கள். ரம்பத்தைக் கொடுத்தார்கள். முகத்தில் மூடியை மாட்டிவிட்டு, "வெல்டிங் வைத்துப் பார்!" என்றார்கள்.

முகாமின் பெயர் "ரோஸியின் பெண்கள்".

யார் இந்த ரோஸி? அது ஒரு சுவையான கதை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டெலிபோன் பெண்

1943-ம் ஆண்டு. இரண்டாம் உலக யுத்தம் உச்சத்தில் இருந்தது. வெர்மான்டில் ஆர்லிங்டன் என்ற ஊரில் மேரி டாயில் என்ற இளம் பெண், டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தாள். வயது சுமார் இருபது. ஒல்லியான உடம்பு. எடை 50 கிலோதான்.

அதே ஊரில்தான் நார்மன் ராக்வெல் என்ற பிரபல ஓவியர் குடியிருந்தார். "உன்னை வைத்து ஒரு படம் வரைய வேண்டும். வருகிறாயா?" என்று கேட்டார். மேரி சம்மதித்தாள். உட்கார வைத்துப் போட்டோ எடுத்தார்கள். அன்று அவள் வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். அது ஓவியருக்குப் பிடிக்கவில்லை. "நீலச் சட்டை போட்டுக்கொண்டு இன்னொரு நாள் வா" என்றார். மறுபடியும் போனாள். ஒரு தடவைக்கு 5 டாலர் வீதம், மொத்தம் 10 டாலர் கூலி கிடைத்தது.

படம் பத்திரிகை அட்டையில் வந்தது. பார்த்தாள் மேரி. திடுக்கிட்டாள்!

முகம் அவளுடைய முகம். உடம்போ ஒரு பயில்வானின் உடம்பு! உருண்டு திரண்ட தோள்கள். மடியில் ரிவிட் அடிக்கும் கனமான இயந்திரம். கையில் ரொட்டி. காலுக்கு அடியில் ஹிட்லர் எழுதிய புத்தகம் மிதிபட்டுக் கிடந்தது. பக்கத்தில் சாப்பாட்டுப் பெட்டி. அதன் மேல் "ரோஸி" என்று எழுதியிருந்தது.

ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் தொழிற்சாலை வேலைக்கு வந்த பெண்களுக்கு, "ரிவிட் அடிக்கும் ரோஸி" என்பது அப்போது செல்லப் பெயர். அந்தப் பெயரில் ஒரு பாட்டுக்கூட வந்திருந்தது. மேரி ஒரு நாளும் ரிவிட் அடித்தவள் அல்ல. பிற்காலத்தில் பல் சுகாதாரப் பணியாளராக வேலை செய்தார். ஓவியர் ராக்வெல், 24 ஆண்டுகள் கழித்து, 1967-ல் அவருக்குக் கடிதம் எழுதி, உடம்பை அப்படி வரைந்ததற்காக மன்னிப்புக் கேட்டார். 2002-ல் அந்தப் படம் ஏலத்துக்கு வந்தது. 49 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. பத்து டாலர் எங்கே, 49 லட்சம் டாலர் எங்கே!

வேலையும் போயிற்று

மேரியின் கதை போகட்டும். உண்மையிலேயே ரிவிட் அடித்தவர்கள் என்ன ஆனார்கள்?

1943-ல் விமானத் தொழிலில் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்தார்கள். விமானத்தின் உடம்பு மெல்லிய அலுமினியத் தகடுகளால் ஆனது. இரண்டு தகடுகளைச் சேர்த்துத் துளை போட்டு, ரிவிட்டைச் செருக வேண்டும். வெளிப்பக்கம் நின்று ஒருத்தி காற்று இயந்திரத்தால் அடிப்பாள். உள்பக்கம் இன்னொருத்தி இரும்புக் கட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இருவர் கையும் ஒன்றுபோல் நின்றால்தான் ரிவிட் சரியாக உட்காரும். கோணலாக உட்கார்ந்தால் பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். மாவு பிசைந்த கைகளும், டைப் அடித்த கைகளும் இதைச் சில வாரங்களில் கற்றுக்கொண்டன.

யுத்தம் 1945-ல் முடிந்தது. சிப்பாய்கள் திரும்பினார்கள். வேலையில் நீடிக்க வேண்டும் என்று பல பெண்கள் விரும்பினார்கள். ஆனாலும் லட்சக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கற்ற வித்தை கையோடு நின்றது. மகளுக்குப் போய்ச் சேரவில்லை.

தச்சு வேலையோ, மின்சார வேலையோ பெரும்பாலும் அப்பாவைப் பார்த்து மகனும், மாமனைப் பார்த்து மருமகனும் கற்றுக்கொள்வது. பெண் குழந்தை யாரைப் பார்த்துக் கற்பாள்?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் வெர்மான்ட் பெண்கள். தச்சு வேலை, மின்சார வேலை போன்ற தொழில்களைப் பெண்களுக்குக் கற்றுத்தர, 1987-ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். வயது வந்த பெண்களுக்குத்தான் முதலில் பயிற்சி. பிறகு, 2000-ம் ஆண்டில், சிறுமிகளுக்கான கோடை முகாமும் பிறந்தது. தினமும் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பினார்கள். மூன்று வாரம் நடந்தது. அந்த முகாம்தான் "ரோஸியின் பெண்கள்".

இருட்டில் ஒரு வெளிச்சம்

முகாமில் என்னதான் கற்றார்கள்? தச்சு வேலை, வெல்டிங், மின்சார இணைப்பு, மோட்டார் பழுதுபார்ப்பு, தீயணைப்பு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம். கற்றுக்கொடுத்தவர்கள் அந்தத் தொழில் தெரிந்த பெண்கள். அதுதான் விசேஷம்.

சுத்தியலை முதல் தடவையாகப் பிடிப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. பயத்தில், இரும்புத் தலைக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு டொக் டொக் என்று தட்டுவார்கள். ஆணி இறங்காது. கைப்பிடியின் கடைசியில் பிடித்து வீசினால், சுத்தியலின் கனமே வேலையைச் செய்துவிடும். பயில்வானின் தோள் தேவையில்லை! ராக்வெல் படத்தைப் பார்த்தவர்கள் யாருக்கும் இந்த ரகசியம் தெரிந்திருக்காது.

வெல்டிங் வேறு விதம். இரண்டு இரும்புத் துண்டுகளை உருக்கி ஒன்றாக்குகிற வேலை. 3000 டிகிரிக்கு மேல் வெப்பம் எழும். அந்த வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்க்கவே கூடாது. பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. இரவில் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். அதனால்தான் முகமூடியும் கறுப்புக் கண்ணாடியும்.

பழைய முறை முகமூடியை இறக்கியதும் எல்லாம் இருட்டாகிவிடும். தன் கையே தெரியாது. அந்த இருட்டில், தீக்குச்சி உரசுவதுபோல் வெல்டிங் கம்பியை இரும்பில் உரச வேண்டும். பற்றிக்கொண்டால், அந்த வெளிச்சத்தில்தான் வேலை தெரியும். பற்றுவதற்கு முந்திய அந்த ஒரு விநாடிதான் கஷ்டம். அதைத் தாண்டிவிட்டால் மீதியைப் பழக்கத்தில் கற்றுக்கொள்ளலாம்.

பையன்களையும் சேர்த்தால் என்ன?

"பெண்களுக்கு மட்டும் ஏன் தனி முகாம்? பையன்களோடு சேர்ந்து கற்றால் ஆகாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

நம் வீட்டிலேயே பாருங்களேன். விளக்கு எரியவில்லை. பெண் திருப்புளியை எடுக்கிறாள். "கொடு இங்கே, உனக்கு வராது" என்று தம்பி பிடுங்கிக்கொள்கிறான். கெட்ட எண்ணத்தில் அல்ல, உதவி செய்வதாகத்தான் நினைக்கிறான். ஆனால் வேலையைக் கற்றவன் அவன். வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றவள் அவள். இப்படிப் பத்துத் தடவை நடந்தால், பதினோராவது தடவை அவளே திருப்புளியைத் தம்பியிடம் கொடுத்துவிடுவாள். முகாமில் பிடுங்குவதற்கு ஆள் இல்லை. தப்பாக அறுத்தால் தானே இன்னொரு பலகையை எடுத்து, தானே அளந்து, தானே அறுக்க வேண்டும்.

அந்த வயதைத் தேர்ந்தெடுத்ததும் சரியென்றே எனக்குப் படுகிறது. எட்டு வயதுப் பெண் மரமும் ஏறுவாள், கூரையும் ஏறுவாள். பதினான்கு வயதானதும் "நாலு பேர் என்ன சொல்வார்களோ" என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அதற்கு முன்பே ரம்பத்தைக் கொடுத்துவிடுவது நல்லது.

சம்பளத்தைப் பாருங்கள்

இது பொழுதுபோக்கு அல்ல, காசு விஷயம். அமெரிக்க அரசு 2023-ல் எடுத்த கணக்கைப் பாருங்கள். மின்சாரத் தொழிலாளர்களைச் சம்பள வரிசைப்படி நிற்கவைத்தால், நடுவில் நிற்பவரின் வருடச் சம்பளம் 61,590 டாலர். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் நடுவில் நிற்பவருக்கு 30,370 டாலர். ஏறக்குறைய பாதி!

குழந்தைகளைப் பார்ப்பவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் பெண்கள். கட்டட வேலையில் கருவி பிடிப்பவர்களிலோ நூற்றுக்கு நாலு பேர்தான் பெண்கள். மின்சார வேலைக்குக் கல்லூரிப் பட்டம் வேண்டாம். நாலைந்து ஆண்டு பயிற்சித் தொழிலாளியாக இருந்தால் போதும். அந்தக் காலத்திலும் சம்பளம் உண்டு. இப்படி ஒரு வழி இருப்பதையே அறியாமல் எத்தனை பெண்கள் பாதிச் சம்பளத்துக்குப் போகிறார்கள்!

நமக்கும் இது புதிதல்ல. நம் ஊர்க் கட்டட வேலையில் பெண்கள் இல்லையா? தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். செங்கல் சுமக்கிறார்கள். கலவை சுமக்கிறார்கள். ஆனால் ரசமட்டமும் கரண்டியும் கொத்தனார் கையில். சித்தாளாக வந்தவள் பெரும்பாலும் சித்தாளாகவே நின்றுவிடுகிறாள். கொத்தனார் கூலி வேறு, சித்தாள் கூலி வேறு. அமெரிக்காவில் பெண் வேலைத்தளத்துக்குள் வரவில்லை. இங்கே வந்தும் கருவியைத் தொடவில்லை.

தீயும் கம்ப்யூட்டரும்

வெர்மான்ட் முகாமைப் பார்த்து கலிபோர்னியாவில் சாண்டா மோனிகா நகரமும் அதே பெயரில் முகாம் தொடங்கியது. அரிசோனா மாநிலம் டூசான் நகரத்தில், தீயணைப்புப் படையில் இருந்த பெண்கள் 2009-ல் வேறொரு முகாம் தொடங்கினார்கள். பெரிய வகுப்பு மாணவிகள் கனமான உடுப்பை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார்கள். தண்ணீர்க் குழாயைப் பிடித்தார்கள். தண்ணீர் பாயும்போது அந்தக் குழாய் ஆளையே பின்னால் தள்ளும்! கயிற்றில் தொங்கி இறங்கவும் கற்றார்கள்.

நியூயார்க்கில் நடந்தது இன்னொரு விதம். ரேஷ்மா சௌஜானி என்று ஒரு வழக்கறிஞர். இந்திய வம்சாவளிப் பெண்மணி. பெற்றோர் உகாண்டாவிலிருந்து அகதிகளாக அமெரிக்கா போனவர்கள். 2010-ல் தேர்தலில் நின்றார், தோற்றார். ஆனால் ஓட்டுக் கேட்டுப் பள்ளிக்கூடங்களுக்குப் போனபோது ஒன்றைக் கவனித்தார். கம்ப்யூட்டர் வகுப்பு நிறையப் பையன்கள். பெண்களைக் காணோம்! 2012-ல் 20 மாணவிகளைச் சேர்த்து, கோடை வகுப்பு நடத்தினார். அந்த இருபது பேரில் ஆரம்பித்தது, இப்போது லட்சக்கணக்கான மாணவிகளை எட்டியிருக்கிறது.

இவற்றில் எது உசத்தி என்று கேட்டால், என் மனசு சுத்தியல் பக்கம்தான் போகிறது. கம்ப்யூட்டர் கற்றுக்கொள் என்று சொல்ல இன்று நூறு பேர் இருக்கிறார்கள். குழாய் மாட்டக் கற்றுக்கொள் என்று ஒரு பெண்ணிடம் யார் சொல்கிறார்கள்?

கையுறை பொருந்தவில்லை!

குறையையும் சொல்ல வேண்டும். மூன்று வாரத்தில் யாரும் தச்சர் ஆகிவிட முடியாது. சில சிறுமிகளுக்கு இந்த வேலையே பிடிக்காமல் போகலாம். தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்பதில் தப்பில்லை. பிடித்துப்போனவளுக்குத்தான் கஷ்டம் காத்திருக்கிறது. முகாமில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பெண். பத்து ஆண்டு கழித்து வேலைத்தளத்துக்குப் போனால், நூறு பேரில் அவள் நாலில் ஒருத்தி.

அங்கே முதலில் பொருந்தாமல் போவது எது தெரியுமா? கையுறை! ஆண்களின் கை அளவுக்குச் செய்த கையுறை, பெண்ணின் விரல் நுனியைத் தாண்டித் தொங்கும். சுற்றுகிற இயந்திரத்தில் அந்த நுனி மாட்டினால், கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். உயரத்தில் நின்று வேலை செய்பவளுக்கு, உடம்போடு கட்டும் பாதுகாப்பு வார் தொளதொளவென்று இருந்தால், விழும்போது பிடிக்க வேண்டிய வார் நழுவிவிடும். பூட்ஸும் அப்படித்தான். பல பெண்கள் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுச் சமாளித்தார்கள்.

கட்டட வேலையில் தரும் பாதுகாப்புச் சாமான்கள் ஒவ்வொரு தொழிலாளியின் உடம்புக்கும் சரியாகப் பொருந்த வேண்டும் என்று அமெரிக்க அரசின் தொழிலாளர் பாதுகாப்பு இலாகா தெளிவாக விதி எழுதியது. அந்த விதி அமலுக்கு வந்த தேதி 2025 ஜனவரி 13. வெர்மான்டில் முதல் முகாம் நடந்தபோது 12 வயதாக இருந்த சிறுமிக்கு, அன்று வயது முப்பத்தாறு அல்லது முப்பத்தேழு.