அந்த 'உப்பு' உப்பே இல்லை!

மாசமா இருக்கும் பெண் செக்கப்புக்குப் போய் வந்து, "யூரின்ல உப்பு இருக்காம்" என்று சொன்னால் போதும். உடனே வீட்டில் ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் தடை விழும். "புள்ளத்தாச்சிக்குக் கால்ல நீர் கோக்கத்தான் செய்யும், தானா வடிஞ்சிடும்" என்று அடுத்த செக்கப்பைத் தள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. பிரசவ ஆஸ்பத்திரி லேபில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். அதனால் சகோதரிகளுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும்.

அந்த 'உப்பு' நாம் சோற்றில் போடும் உப்பு அல்ல. ஆல்புமின் என்ற புரதம்! முன்பெல்லாம் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் சுட வைத்துப் பார்ப்போம். புரதம் இருந்தால், முட்டை வெள்ளைக்கரு சூட்டில் வெளுக்கிற மாதிரி வெள்ளையாகக் கலங்கிவிடும். இப்போது ஒரு பட்டையை நனைத்தாலே மஞ்சள் பச்சையாக மாறிக் காட்டிவிடுகிறது.

புரதம் ஏன் வருகிறது? நஞ்சுக்கொடிக்கு ரத்த ஓட்டம் சரியாக அமையாவிட்டால், அதிலிருந்து சில பொருட்கள் தாயின் ரத்தத்தில் அதிகமாகக் கலந்து, ரத்தக் குழாய்களின் உட்புறத்தைக் கெடுக்கின்றன. பிரஷர் ஏறுகிறது. சிறுநீரகம் என்ற சல்லடை பழுதாகிப் புரதம் ஒழுகுகிறது. ஊறுகாயை நிறுத்தினால் இது நிற்குமா, சொல்லுங்கள்?

20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90-ஐத் தொட்டாலே உஷாராக வேண்டும். 24 மணி நேரச் சிறுநீரில் புரதம் 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. "யூரின் நார்மல்" என்று வந்தாலும், பிரஷர் இருந்தால் ரத்தமும் பார்ப்பார்கள். தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்குவது, கிரியாட்டினின் 1.1-க்கு மேல் போவது, ஈரல் என்சைம் இரு மடங்காவது, இதில் ஒன்று இருந்தாலும் ஆபத்துதான். நஞ்சுக்கொடி விடும் பொருட்களையே அளக்கும் டெஸ்டும் சில பெரிய லேப்களில் வந்துவிட்டது. அந்த விகிதம் 38-க்குள் இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்குப் பெரும்பாலும் பயமில்லை என்று 2016-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

யூரின் கொடுக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். வெள்ளைப்படுதல் கலந்தால் ரிசல்ட் தப்பாக வரும்.

விடாத தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குழியில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, இவை வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வலிப்பு வராமல் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கிறது. ஆனால் நேரத்தோடு போய்ச் சேர வேண்டுமே! குழந்தை பிறந்த பிறகும் ஆறு வாரம் வரை இந்தக் கவனம் தேவை.

மாமியார்மார்களே, அடுத்த தடவை மருமகள் "உப்பு இருக்காம்" என்றால், உப்பு ஜாடியை ஒளித்து வைக்காமல், "பிரஷர் எவ்வளவும்மா?" என்று கேளுங்கள்.

- ஒரு வாசகி, திருச்சி.