ஆவணம் கேட்காத கடன்... அடமானம் உங்கள் செல்போன்!

‘ஐந்தே நிமிடத்தில் கடன், ஆவணம் தேவையில்லை’ என்று செல்போனில் விளம்பரம் வருகிறது. நடவுக்கூலிக்கும் உரத்துக்கும் பணம் தட்டுப்படும் நேரத்தில், சிட்டா, அடங்கலுக்கு அலைய வேண்டாமே என்று தோன்றும். ஆனால், முன்பின் தெரியாதவருக்கு ஈடு இல்லாமல் யார் பணம் கொடுப்பார்கள்? இந்தச் செயலிகளுக்கும் ஈடு உண்டு. செல்போனில் இருக்கும் சொந்தபந்தங்களின் எண்களும் புகைப்படங்களும்தான் அது.

சிக்கவைப்பது எப்படி?

செயலியைப் பதிவிறக்கியதும், தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும். அவசரத்தில் ‘சரி’ என்று அழுத்தினால், அத்தனை விவரமும் அவர்கள் கைக்குப் போய்விடும்.

அடுத்து, கணக்கு. உதாரணமாக, 5,000 ரூபாய் கடனில் ‘செயல்பாட்டுக் கட்டணம்’ என்று 2,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு, 3,000 ரூபாய் மட்டும் கொடுப்பார்கள். ஏழாம் நாள் 5,000 ரூபாயைக் கட்ட வேண்டும். கைக்கு வந்த பணத்தில், ஒரே வாரத்துக்கு நூற்றுக்கு 66 ரூபாய்க்கு மேல் வட்டி. பெயர்தான் செயலி, நடப்பது கந்துவட்டி.

கெடு தவறினால் சம்பந்தி வீடு வரை போன் போகும். படத்தை ஆபாசமாக மாற்றி அனுப்புவதாக மிரட்டுவார்கள். இந்த அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்களும் உண்டு. ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2021-ல் பார்த்தபோது, சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை என்று தெரியவந்தது.

விதி என்ன?

2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிகளின்படி, தொடர்பு எண்கள், அழைப்புப் பதிவுகள், படங்களைக் கடன் செயலி தொடவே கூடாது. கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவிகிதம் வட்டி என்பதை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். ஆக, தொடர்பு எண்களைக் கேட்கும் கடன் செயலி எதுவானாலும், அதை அங்கேயே நிறுத்திவிடலாம்.

வாங்கும் முன்...

* பணம் தருவது எந்த வங்கி, எந்த நிதி நிறுவனம் என்று பாருங்கள். பெயர் இல்லாவிட்டால் விலகுங்கள்.

* ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் உள்ள செயலிகள் பட்டியலில் சரிபாருங்கள்.

* குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் மூலம் வரும் இணைப்பிலிருந்து செயலியைப் பதிவிறக்காதீர்கள்.

சிக்கிவிட்டால்...

* மிரட்டல் செய்திகளையும் பணம் கட்டிய ரசீதுகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு செயலியை நீக்குங்கள். ஆனால், ஏற்கெனவே எடுத்த விவரம் அவர்களிடம்தான் இருக்கும்.

* 1930 என்ற எண்ணிலோ, அருகிலுள்ள சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள்.

* ‘இப்படிச் செய்தி வந்தால் நம்ப வேண்டாம்’ என்று உறவினர்களிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். மிரட்டலின் பலம் பாதி குறைந்துவிடும்.

* ஒரு செயலியின் கடனை அடைக்க, இன்னொரு செயலியில் வாங்காதீர்கள்.

தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் பயிர்க்கடனை உரிய காலத்தில் கட்டினால் வட்டி இல்லை. வங்கிகளில் 2 லட்சம் ரூபாய் வரை ஈடில்லாமல் வேளாண் கடன் பெறலாம். அங்கே நான்கு நடை நடக்க வேண்டியிருக்கலாம்; ஆனால், சொந்தபந்தங்களை அடகு வைக்க வேண்டியதில்லை.