தோயேலும் சதுப்புக் கீரியும்

பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு விடியற்காலையில் இரண்டு சத்தங்கள் நன்றாகப் பழகியிருக்கும். ஒன்று சியால்தா லோக்கல். மற்றது தோயேலின் சீட்டி. நம் ஊரில் குண்டுக்கரிச்சான் என்கிறோமே, அதே கறுப்பு வெள்ளைக் குருவிதான். பங்களாதேஷின் தேசியப் பறவை. அந்நாட்டு 2 டாக்கா நோட்டிலும் இடம்பெற்றது.

சென்ற மாதம் என் பேத்தி கேட்டாள்: "தாத்தா, கல்கத்தாவுக்கென்றே பேர் வாங்கிய மிருகம் ஏதாவது இருக்கா?"

இருக்கிறது. நகரின் கிழக்கே சால்ட் லேக் சதுப்பில் வாழும் கீரி. 1965-ல் ஆர்.கே. கோஷ் என்ற விலங்கியலார் அதைத் தனி இனமாகவே அறிவித்தார். பின்னால் வந்தவர்களில் பலர், 'இது சாதாரணச் சிறு கீரியின் ஒரு வகையே' என்றார்கள். பெயர் எதுவானாலும் பிழைப்பு ஒன்றுதான்: கோரையிலும் நாணலிலும் குடியிருந்து, நீரில் இறங்கி மீனும் நத்தையும் பிடிப்பது.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தோயேலுக்குச் சுவரில் ஓர் ஓட்டை போதும், கூடு கட்டிவிடும். மரம் இல்லையென்றால் டி.வி. ஆன்டெனா மேல் உட்கார்ந்து பாடும். கீரிக்குச் சதுப்பை விட்டால் வேறு வீடு இல்லை. 1962 முதல் ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து கொட்டித்தான் அங்கே புது நகரம் எழுப்பினார்கள்.

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சதுப்பைக் கண்டால் 'எத்தனை வேகன் மண் பிடிக்கும்?' என்று கணக்குப் போடுவதே சர்வீஸ் முழுவதும் என் வழக்கம். அங்கே ஓர் உயிர் குடியிருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

துருபஜோதி கோஷும் (1947–2018) எஞ்சினியர்தான். அவர் போட்டது வேறு கணக்கு. நகரத்தின் சாக்கடை நீர் அங்குள்ள பேரிகளில், அதாவது மீன் குளங்களில், வெயிலாலும் பாசியாலும் சுத்தமாகி மீனாகவும் காய்கறியாகவும் திரும்பி வருகிறது என்று எடுத்துக்காட்டினார். 1992-ல் உயர்நீதிமன்றம் அந்த நிலத்துக்குப் பாதுகாப்பு அளித்தது. 2002-ல் 12,500 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆனாலும் ஓரங்களில் மண் விழுவது நின்றபாடில்லை.

பிழைப்புக்காக வந்து, கிடைத்த இடத்தில் கூடு கட்டிய நாம் தோயேல் ஜாதி. எங்கும் பாடிக்கொள்வோம். கீரிக்கு அந்த வசதி கிடையாது. அடுத்த ஞாயிறு குழந்தைகளை பைபாஸ் தாண்டி அழைத்துப்போய் அந்தப் பேரிகளைக் காட்டுங்கள். நானும் பேத்தியோடு வருகிறேன்.